பழைய கொழும்பு வீட்டு வளவில் ஓட்டுக் கூடம் போடுவது எப்படி?

கறுவாத்தோட்டத்திலோ பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ, நீள விறாந்தை வைத்த பழைய ஓட்டு வீடு ஒன்று உங்களிடம் இருக்கிறது. பின்வளவில் இருந்து தேத்தண்ணி குடிக்க நாலு தூணில் ஒரு கூடம் வேண்டும். தாராளமாகப் போடலாம், ஆனால் நாளைக்கு அதைக் கழற்றினால் வீட்டுச் சுவரில் ஒரு ஆணித் துளைகூட மிஞ்சக்கூடாது. கீழே வருவதெல்லாம் இதை வைத்துத்தான். அளவு 10 அடிக்கு 10 அடி என்று வைத்துக்கொள்வோம்.

மரம் வாங்கப் போக முதல் கடதாசி வேலையை முடியுங்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டதாக உங்கள் வீடு வர்த்தமானியில் வந்திருந்தால், தொல்பொருள் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள். அப்படி வரவில்லை என்றாலும், மதிலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று கீறிய ஒரு படத்தோடு மாநகர சபைக்குப் போய் என்னென்ன அனுமதி வேண்டும் என்று கேளுங்கள். "சின்னக் கொட்டில்தானே" என்று கட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு கொடுத்த பிறகு ஓடித்திரிவதைவிட இது எவ்வளவோ மேல். காணி உறுதி அண்ணன் தம்பி எல்லார் பெயரிலும் இருந்தால், கனடாவில் இருப்பவரிடமும் ஒரு கடிதம் வாங்கிவையுங்கள். கதைத்தது போதாது.

அடுத்தது இடம். நாலு மூங்கிலை நட்டு, கூரை வரும் உயரத்தில் கயிறு கட்டி, படலையடியில் நின்று பாருங்கள், பிறகு மண்டபத்து யன்னலாலும் பாருங்கள். கூடத்தின் தாழ்வாரம் விறாந்தைத் தாழ்வாரத்தை விட உயரக்கூடாது. உயர்ந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். பழைய மாமரத்தின் வேர், மலக்குழி, மண் குழாய் ஓடும் பாதை மூன்றையும் விட்டு விலகுங்கள்.

சுவரோடு ஒட்டி ஒரு பக்கத் தூணை மிச்சப்படுத்தலாம் என்று சில மேசன் பாஸ்மார் சொல்வார்கள். வேண்டாம். சுவர் அடிப்பக்கத்தில் சாந்தை ஒரு நாணயத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அது சுண்ணாம்புச் சாந்து, உள்ளே பெரும்பாலும் கபுக்கல், அதாவது செம்மண் பாறையில் வெட்டிய கல். அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டு இருப்பது. அதில் போல்ட் அடித்துச் சீமெந்து பூசினால் ஈரம் போக வழியில்லாமல் பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழரும். குறைந்தது 4 அடி தள்ளி நில்லுங்கள்.

இனி அத்திவாரம். மூலை சரியா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து குறியுங்கள். குறுக்கே 5 அடி வந்தால் மூலைமட்டம் சரி. ஒன்றரை அடிச் சதுரம், இரண்டரை அடி ஆழத்தில் நாலு குழி வெட்டி 1:2:4 கலவையில் (சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நாலு) கொங்கிரீட் போட்டு, நிலத்துக்கு மேல் அரை அடி எழுப்பி, ஈரமாக இருக்கும்போதே தூணைப் பிடிக்கும் இரும்புப் பட்டையை நட்டுவிடுங்கள். தூண் மண்ணைத் தொடக்கூடாது, தொட்டால் கறையானுக்கு விருந்து. கடலுக்குக் கிட்ட என்றால் பட்டையும் போல்டும் துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள், உப்புக் காற்று மற்றதை விட்டுவைக்காது.

தூணுக்குப் பலா அல்லது தேக்கு, பழைய வீடு உடைத்த மரம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அது ஏற்கெனவே நன்றாகக் காய்ந்தது, இனி முறுக்காது. கள்ளிக்கோட்டை ஓடு கூரை முழுக்க ஏறினால் அரைத் தொன்னுக்குக் கிட்ட வரும், ஆகவே முகட்டு வளையையும் கைமரத்தையும் தச்சு வேலை தெரிந்த ஓடாவியிடம் விடுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது சரிவு: நடு முகடு தூண் தலையிலிருந்து 3 அடி எழும்பினால் 30 பாகையை ஒட்டி வரும், கொழும்பு மழைக்கு அது போதும். வேலையை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வையுங்கள், மே பிறந்தால் தென்மேல் பருவமழை.

கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் பீலி வைக்க வேண்டாம் என்பது என் கட்சி. இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு வரும். தாழ்வார நீர் விழும் கோட்டில் ஒரு அடி அகலத்துக்குச் சல்லி பரப்பி, நிலத்தை வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துவிடுங்கள்.

அலங்காரத்தைப் பற்றி ஒன்று. விறாந்தை மரச் சரிகையைப் பார்த்து அதே மாதிரி கூடத்துக்கும் வெட்டவேண்டாம். பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றிய 1964 வெனிஸ் சாசனம் முதல் மரபுக் கட்டடங்களில் சொல்லப்படுவது, புதிய வேலை புதியது என்று தெரியவேண்டும் என்பதே. ஓட்டின் நிறமும் சரிவும் ஒத்துப்போனால் போதும், தூண் வெறும் சதுரமாக இருக்கட்டும். மின்விளக்கு வேண்டுமென்றால் வயரைக் குழாயில் நிலத்தடியால் கொண்டுபோய், மின்சாரம் கசிந்தால் தானாக நிற்கும் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஓடு வாங்கும்போது ஒரு இருபது கூடவே எடுத்து வையுங்கள், தேங்காய் விழுந்து உடைந்தால் அதே அச்சில் பிறகு கிடைக்காது.