வீல் அலைன்மென்ட்: கடைக்குப் போகும் முன் அந்தத் துண்டுச்சீட்டைச் சரியாக எழுதுங்கள்

அலைன்மென்ட் பார்த்துவிட்டு வந்த மறுநாளே என் கேமன் கார் எனக்குப் பயம் காட்டியது. திருமயம் தாண்டி காரைக்குடி வரும் ரோட்டில் 90-ல் வந்துகொண்டிருந்தேன். குறுக்கே ஆட்டுமந்தை. பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பின்பக்கம் ஒரு நெளி நெளிந்தது. அலைன்மென்ட்டுக்கு முன்னால் இப்படிச் செய்ததே இல்லை.

தப்பு கடைக்காரர் மேலும் இல்லை, மெஷின் மேலும் இல்லை. எந்தச் சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று நான் எழுதிக்கொடுத்த சீட்டுதான் தப்பு. அதனால் இந்தப் பதிவில் அந்தச் சீட்டைப் பற்றித்தான் நீட்டி முழக்கப் போகிறேன். மற்றதெல்லாம் வேகமாக ஓடிவிடும்.

வண்டி 987 மாடல் போர்ஷே கேமன், செகண்ட் ஹேண்ட். (அந்தக் காசுக்குக் கோட்டையூரில் இடம் வாங்கிப் போட்டிருக்கலாம் என்று அப்பத்தா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.) எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம். இந்த மாதிரி வண்டிக்குப் பின் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் பின்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம், உயிர்நாடி. பிரேக் பிடிக்கும்போது சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்கள் நசுங்கிச் சக்கரங்களின் கோணம் கொஞ்சம் மாறும். பின்சக்கரங்கள் முன்கூட்டியே லேசாக உள்நோக்கி இருந்தால் வண்டி நேராக நிற்கும். அந்த உள்நோக்கு போதாவிட்டால் வால் ஆடும்.

கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்; அதற்கு மேல் நான் படம் போட்டு விளக்கப் போவதில்லை. நான் கேட்டது இவ்வளவுதான்: முன் கேம்பர், சஸ்பென்ஷன் மேல் மவுண்டின் துளை விடுகிற வரை உள்சாய்வு, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு. முன் டோ பூஜ்யம். பின் கேம்பர் சக்கரத்துக்கு ஒன்றரை டிகிரி உள்சாய்வு. பின் டோ சக்கரத்துக்கு 10 நிமிடம் (இது நேரமில்லை, டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு) உள்நோக்கி.

முந்தின நாள்

வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும், பிறகு பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், வீல் பேரிங், எதிலாவது ஆட்டம் இருந்தால் அலைன்மென்ட்டுக்குக் கொடுக்கும் காசு தண்டம். காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் சரிபாருங்கள்.

பின்பக்க எக்சென்ட்ரிக் போல்ட்டுகளுக்கு (திருப்பினால் சக்கரத்தின் கோணம் மாறும் போல்ட்டுகள்) ராத்திரியே துரு எடுக்கும் ஆயில் அடித்துவிடுங்கள். அவை இப்போது எந்த நிலையில் நிற்கின்றன என்று வெள்ளை பெயின்ட் பேனாவால் கோடும் போட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது குளறுபடி ஆனாலும் பழைய இடத்துக்காவது திரும்பி வரலாம்.

தாழ்ந்த வண்டி என்றால் ரேம்ப்பில் ஏறும்போது முன் பம்பர் இடிக்கும். நான் இரண்டு பலகை எடுத்துப் போனேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் கடையில் வாங்கிய பர்மா தேக்கு. கடையில் நின்ற எல்லோரும் காரை விட்டுவிட்டுப் பலகையைத்தான் விலை கேட்டார்கள்.

சீட்டு

நான் முதல் தடவை எழுதியது இப்படி: "பின் டோ 0.10".

என் மனசில் இருந்தது 0 டிகிரி 10 நிமிடம், ஒவ்வொரு சக்கரத்துக்கும். கடை மெஷின் காட்டியது தசம டிகிரி. அதில் 0.10 என்றால் 6 நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 10 நிமிடத்தைத் தசமத்தில் 0.17 என்று எழுதியிருக்க வேண்டும். இது முதல் சறுக்கல்.

இரண்டாவது சறுக்கல் இன்னும் மோசம். மெஷின் திரையில் டோவுக்கு இடது, வலது என்று இரண்டு கட்டமும், மொத்தம் என்று மூன்றாவது கட்டமும் இருக்கும். நான் எதையும் குறிப்பிடாததால் அவர் 0.10-ஐ மொத்தத்தில் வைத்தார். ஆக ஒரு சக்கரத்துக்குக் கிடைத்தது 0.05 டிகிரி, அதாவது 3 நிமிடம். கேட்டது 10, கிடைத்தது 3. ஆட்டுமந்தை முன்னால் வால் நெளிந்ததற்கு அர்த்தம் இதுதான்.

இப்போது என் சீட்டில் ஒவ்வொரு வரியிலும் நான்கு விஷயம் இருக்கும்: எந்தச் சக்கரம், எண், அந்த எண்ணின் அலகு, தனியா மொத்தமா. டோ என்றால் உள்நோக்கி என்பதையும் எழுத்தில் எழுதிவிடுவேன், பிளஸ் மைனஸை நம்புவதில்லை. "பின் இடது டோ: 0.17 டிகிரி, உள்நோக்கி, தனி. பின் மொத்தம்: 0.34." கடைக்குப் போனதும் முதல் கேள்வி, "அண்ணே, இந்த மெஷின் நிமிடமா, பாயின்ட்டா?" சில மெஷின் மில்லிமீட்டரிலும் காட்டும். அப்படியானால் செட்டிங்கை டிகிரிக்கு மாற்றச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் கணக்கு ரிம் அளவைப் பொறுத்து மாறும், வீண் தலைவலி.

கடையில்

காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் லாரி டயர் வேலை வந்துவிட்டால் நம்மை யார் கவனிப்பார்கள்?

நான் தனியாகத்தான் ஓட்டுவேன், எடை 76 கிலோ. அதனால் டிரைவர் சீட்டில் மூன்று 25 கிலோ பொன்னி அரிசி மூட்டைகளை அடுக்கி பெல்ட் போட்டேன். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆள் உட்கார்ந்தால் வண்டி அந்தப் பக்கம் அமுங்கும், கேம்பரும் டோவும் மாறும். பெட்ரோல் பாதி டேங்க் வைத்துக்கொண்டேன். எப்போதும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

வேலை தொடங்கும் முன் "முன்னாடி எப்படி இருக்கு" என்று ஒரு பிரின்ட் எடுக்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் எது மாறியது என்றே தெரியாது.

வரிசை முக்கியம். முதலில் பின் கேம்பர், அடுத்து பின் டோ, பிறகு முன் கேம்பர், கடைசியாக முன் டோ. கேம்பரைத் திருப்பினால் டோவும் கூடவே ஓடும் என்பதால் கேம்பர் முதலில். வண்டி எந்தத் திசையில் தள்ளப்படுகிறது என்பதைப் பின்சக்கரங்கள்தான் தீர்மானிக்கின்றன, அதனால் பின்பக்கம் முதலில். பின்பக்கத்தைத் தொடாமல் முன் டோவை மட்டும் சரிசெய்து அனுப்பினால், ரோடு நேராக இருக்கும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும்.

திரையில் பச்சை வந்ததும் பையன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். "பச்சை வந்துருச்சுண்ணே, எறக்கிரலாமா?" பச்சை என்பது கம்பெனி அனுமதிக்கும் எல்லைக்குள் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான். இடது சக்கரம் பச்சையின் ஒரு ஓரத்திலும் வலது மறு ஓரத்திலும் இருந்தால்கூடத் திரை முழுக்கப் பச்சைதான். "கலர் வேணாம் தம்பி, சீட்டுல இருக்கிற நம்பர் வேணும்" என்றேன். கடைக்கார அண்ணனே இறங்கி வந்து செய்தார்.

முன் டோவை மாற்றும் கம்பியான டை ராடின் லாக் நட்டை இறுக்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இறுக்கும் வேகத்தில் ராடும் சேர்ந்து திரும்பும், எண் நகரும். என் வண்டியில் இரண்டு தடவை நகர்ந்தது. இறுக்கி முடித்த பிறகு எடுக்கும் பிரின்ட்தான் கணக்கு.

வீட்டில் நூல் பிடித்துப் பார்த்தல்

என் தப்பைக் கண்டுபிடித்தது இதில்தான். எங்கள் பழைய வண்டிக் கொட்டகையில் காரை நிறுத்தி, கொத்தனார் நூலை இரண்டு பக்கமும் சக்கர நடு உயரத்தில் கட்டினேன். இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க ஒரு வழி: இரண்டு அலுமினியக் குழாய்களைச் சேர்த்துக் கட்டி, ஒரே ரம்ப வெட்டில் இரண்டிலும் பள்ளம் போடுங்கள், காரைவிட அகலமாக. ஒரு குழாய் காருக்கு முன்னால், ஒன்று பின்னால், நூல் அந்தப் பள்ளங்களில். பி.வி.சி. வேண்டாம், நூலை இழுத்ததும் வில்லாக வளையும்.

பிறகு சக்கர நடுவிலிருந்து நூல் வரை உள்ள தூரம் இடதும் வலதும் ஒன்றாக வரும்வரை குழாய்களை நகர்த்துங்கள். முன் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், பின் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதில் நான் அரைநாள் முட்டி மோதினேன்.

இனி ஸ்டீல் ஸ்கேலால் ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நூல், பின் விளிம்பிலிருந்து நூல். 18 அங்குல ரிம்மில் 1 மி.மீ. வித்தியாசம் சுமார் 7 நிமிடக் கோணம். எனக்கு வந்திருக்க வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ., வந்தது அரை மி.மீ.கூட இல்லை. மறுநாள் சீட்டை மாற்றி எழுதிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். அதே திருமயம் ரோட்டில் 90-ல் ஆளில்லாத இடமாகப் பார்த்து பிரேக் மிதித்தேன். கோடு போட்ட மாதிரி நின்றது.

கேம்பரை வீட்டில் அளப்பதாக இருந்தால் தரை மட்டம் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய மட்டக் குழாய் போதும். என் கொட்டகையில் இடதுக்கும் வலதுக்கும் 6 மி.மீ. ஏற்ற இறக்கம், அதுவே 14 நிமிடம் பொய் சொல்லும். காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி நல்லது, போன் ஆப் வேண்டாம். அலாய் ரிம்மில் காந்தம் ஒட்டாது என்பது வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ரிம்மின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடுகிற மாதிரி ஒரு நேரான இரும்புப் பட்டையைப் பிடித்து அதில் ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை 1: தேவகோட்டையிலிருந்து ஒருவர், தன் ஃபோக்ஸ்வாகன் போலோ காருக்கும் பின் டோ மாற்றலாமா என்று கேட்டிருந்தார். முடியாது. அதில் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம்), திருப்ப போல்ட்டே கிடையாது. முன் டோவை நூல் பிடித்துச் சரியாக வைத்தாலே அந்த வண்டியில் பாதி சுகம் வந்துவிடும்.

பின்சேர்க்கை 2: ஸ்டீயரிங்கை நடுவில் வைத்து முன் டோவைச் செய்த பிறகு டேஷ்போர்டில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஸ்டீயரிங் கோண சென்சாருக்குப் புது நடுவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்கேனர் வைத்திருக்கும் கடையில் சில நிமிட வேலை.

பின்சேர்க்கை 3: ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்கலாமா? கூடாது, டயர் தரையைக் கவ்விக்கொண்டு சக்கரம் முழுசாக உட்காராது. வழுக்கும் தட்டு வேண்டும். நான் ஆத்தங்குடி கல் இரண்டை, கண்ணாடியில் வார்த்த அந்த வழவழப்பான முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி, நடுவில் கிரீஸ் தடவி வைத்தேன். முதல் சக்கரம் இறங்கியதுமே டக்கென்று ஒரு சத்தம். முகப்புத் தரை ரிப்பேருக்கு என்று எடுத்துவைத்த கல். இப்போது ஜி.ஐ. தகடு இரண்டு, நடுவில் அதே கிரீஸ். அப்பத்தாவுக்குக் கல் விஷயம் இன்னும் தெரியாது.