காயத்தைக் காய விடாதீர்கள்

"காத்தாட விடு, சீக்கிரம் காயும்" என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். முட்டி தேய்ந்தால் பஞ்சை வைத்துக் கட்டி, அப்புறம் அதைப் பிய்க்கும்போது உயிர் போகும். உண்மையில் காயம் காய வேண்டியதே இல்லை. 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் சோதித்து, மூடி ஈரமாக வைத்த காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்வதைக் காட்டினார். பொருக்கு கட்டினால் புதுச் செல்கள் அதற்கு அடியில் புகுந்து போக வேண்டும். ஈரத்தில் நேராக நகர்ந்துவிடும்.

சின்னச் சிராய்ப்புக்கு மருந்துக் கடையில் ஹைட்ரோகொலாய்டு பிளாஸ்திரி (காயநீரை உறிஞ்சி ஜெல்லாகி, காயத்தை ஈரமாக வைக்கும் ஒட்டு) கேளுங்கள். மண் போகக் கழுவி, சுற்றியுள்ள தோலை நன்றாகத் துடையுங்கள். களிம்பு வேண்டாம், தடவினால் ஒட்டாது. பிளாஸ்திரியை உள்ளங்கைகளுக்கு நடுவே சூடாக்கி, காயத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. வருமாறு ஒட்டி, ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

மறுநாள் நடுவில் வெள்ளையாக உப்பும். சீழ் என்று பயந்து முதல் தடவை நான் பிய்த்தே போட்டுவிட்டேன். அது காயநீரை உறிஞ்சிய ஜெல்தான். லேசான வாடையும் வரும், பரவாயில்லை. கசியாமல், ஓரம் கிளம்பாமல் இருந்தால் சில நாட்கள் அப்படியே விடலாம். எடுக்கும்போது மேலே தூக்காமல், தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் இழுத்தால் வலிக்காது.

நாய்க்கடி, ஆழமான குத்து, சீழ் பிடித்த புண், சர்க்கரை நோயாளியின் கால் புண் எல்லாம் டாக்டர் வேலை. ஒட்டிய இடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், வலி கூடினாலும், காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.