'மடை திற' என்பதை மறைத்தெழுதும் முறை

திருவையாற்றில் இருக்கும் அண்ணன், வேதாரண்யம் பக்கம் கடைமடையில் வயல் பார்க்கும் தம்பிக்கு 'மடை திற' என்ற செய்தியை, இடையில் எவர் பிரித்துப் படித்தாலும் விளங்காதபடி அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாளும் பேனாவும் போதும்.

க முதல் ன வரை 18 மெய்களையும் நெடுங்கணக்கு வரிசையில் எழுதி, 1 முதல் 18 வரை எண்ணிடுங்கள். செய்தியில் உள்ள ஒவ்வொரு மெய்யையும் 8 இடம் முன்னே தள்ளுங்கள். உயிர்க்குறியைத் தொட வேண்டாம். 18ஐத் தாண்டினால் மறுபடி க-விலிருந்து எண்ணுங்கள். ம என்பது ன ஆகும், டை லை ஆகும், தி ழி ஆகும், ற த ஆகும். கிடைப்பது 'னலை ழித'. தம்பி 8 இடம் பின்னே நகர்த்திப் படித்துக்கொள்வார். தள்ளுவது முறை, 8 என்பது சாவி. ஜூலியஸ் சீசர் 3 இடம் தள்ளி எழுதியதும் இதே வழியில்தான்.

இப்போது திருடனின் இடத்தில் உட்காருங்கள். தமிழில் எந்தச் சொல்லும் ன, ழ ஆகியவற்றில் தொடங்காது என்பதால், இது மறைமொழி என்பது பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடும். சாவிகளும் 17தான், அத்தனையையும் போட்டுப் பார்த்தால், மொழிமுதல் எழுத்து விதி ஒன்றே 14 விடைகளைக் கழித்துவிடும். எஞ்சுபவை 'யணை நின', 'ஞறை கிய', 'மடை திற'. பள்ளியில் படித்த இலக்கணம் பூட்டுடைக்கவும் உதவும் என்று எந்தத் தமிழாசிரியரும் சொல்லித் தந்ததாக எனக்கு நினைவில்லை.

முறை எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி மட்டும் மறைவாக இருந்தால் செய்தி காக்கப்பட வேண்டும் என்று 1883இல் மறையெழுத்து அறிஞர் கெர்க்காஃப்ஸ் வகுத்தார். 2001இல் தரமாக்கப்பட்ட ஏ.இ.எஸ். என்ற கணினி மறையாக்க முறையில், 128 பிட் (அதாவது 0, 1 ஆகியவற்றால் ஆன 128 இலக்க) சாவிகளின் எண்ணிக்கையே 39 இலக்க எண்ணாகும்.

ஆனால் சாவியைத் தம்பிக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது? 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட வழி, சாவியை அனுப்பவே வேண்டாம் என்கிறது. 3, 17 என்ற எண்களை ஊரறியச் சொல்லிவிடுங்கள். அண்ணன் மனத்துக்குள் 6ஐ வைத்துக்கொண்டு, ஆறு 3களைப் பெருக்கி 17ஆல் வகுத்து, மீதி 15ஐ அனுப்புகிறார். தம்பி 7ஐ வைத்துக்கொண்டு அவ்வாறே கணக்கிட்டு 11ஐ அனுப்புகிறார். அண்ணன் ஆறு 11களையும் தம்பி ஏழு 15களையும் பெருக்கி 17ஆல் வகுத்தால், இருவருக்கும் 8 மீதியாகக் கிடைக்கும். நாம் மேலே பயன்படுத்திய சாவி அதுவே. 17க்குப் பதிலாக 600 இலக்கங்களுக்கு மேற்பட்ட பகா எண்ணை எடுத்தால், 15, 11 போல ஊரறிய அனுப்பப்படும் எண்களைக் கேட்டவரால் அந்தச் சாவியைக் கணக்கிட்டு எடுப்பது நடைமுறையில் இயலாது.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. நடுவில் ஒருவர் புகுந்து, அண்ணனிடம் தம்பியாகவும் தம்பியிடம் அண்ணனாகவும் நடித்து இரு சாவிகளை அமைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் தொடர்பின் விவரப் பக்கத்தில் 'மறையாக்கம்' என்ற இடத்தில் 60 இலக்க எண் இருப்பது இதற்காகவே. அடுத்த முறை நேரில் சந்திக்கும்போது இரண்டு போனையும் அருகருகே வைத்து அதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே எண் இருந்தால் நடுவில் எவரும் புகவில்லை என்று பொருள்.