குடியை நிறுத்தியதும் வந்த வலிப்புக்கு எந்த கோடு? 31-ம் 231-ம் அண்ணன் தம்பி இல்லை

மதுரையில் ஒரு மருத்துவமனையின் எம்.ஆர்.டி.யில் (மருத்துவ ஆவணப் பிரிவு) நான்கு வருடம் கேஸ் ஷீட்டுகளுக்கு கோடு, அதாவது நோய்க் குறியீட்டு எண், போட்டுவிட்டுத்தான் அமெரிக்க சார்ட் (நோயாளியின் மருத்துவக் கோப்பு) பார்க்கும் வேலைக்கு வந்தேன். கார்த்திகை பிறந்தால் எம்.ஆர்.டி.யில் இருக்கிற எங்களுக்கே தெரிந்துவிடும். ஒன்றாம் தேதி மாலை போட்டு, அன்றைக்கே குடியை அடியோடு நிறுத்தியவர், மறுநாளோ அதற்கு மறுநாளோ ஃபிட்ஸ் வந்து ஆட்டோவில் வந்து இறங்குவார். அந்த கேஸ் ஷீட்டுக்கு எஃப்10.31. யோசிக்கவே வேண்டாம், கை தானாக எழுதும்.

அந்தக் கைதான் என்னைக் கவிழ்த்தது. புது வேலையில் முதல் மாத ஆடிட்டில் ஒரே தப்பு பதினொரு சார்ட்டில். எல்லாவற்றிலும் எஃப்10.231 போட்டிருந்தேன். 31 என்றால் வலிப்பு, முன்னால் ஒரு 2 சேர்த்தால் டிபென்டென்ஸ் (குடிக்கு அடிமையான நிலை), கணக்கு சரியாகத்தானே வருகிறது என்று நினைப்பு.

வரவில்லை. நம் ஊர் மருத்துவமனைகளில் நான் பழகியது உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியல். அதில் எஃப்10.30 சிக்கல் இல்லாத வித்ட்ராயல் (குடியை நிறுத்தியதும் உடம்பு படும் பாடு), எஃப்10.31 வலிப்போடு வித்ட்ராயல். டெலிரியம் (இடம் காலம் தெரியாத கடும் மனக்குழப்பம்) வந்தால் எஃப்10.4-க்குப் போக வேண்டும்: வலிப்பு இல்லையென்றால் 40, இருந்தால் 41. அமெரிக்கர்கள் பயன்படுத்துவது அதன் அமெரிக்கப் பதிப்பான ஐ.சி.டி.-10-சி.எம். அங்கே எஃப்10.230 சிக்கல் இல்லாதது, 231 டெலிரியம், 232 புலன் மயக்கம், 239 விவரம் சொல்லாதது. வலிப்புக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. அதாவது, தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த பதினொரு பேருக்கு நான் டெலிரியம் ட்ரெமன்ஸ் (டி.டி., குடி நிறுத்தியதால் வரும் டெலிரியம்) கொடுத்திருக்கிறேன். டெலிரியம் என்றால் நோயின் கனம் கூடும், பில்லும் கூடும். ஆடிட்டர் திட்டியதில் நியாயம் இருந்தது.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். சார்ட்டைத் திறப்பது, டெமோகிராஃபிக்ஸ் சரிபார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும்.

படி 1. டாக்டர் எந்தச் சொல்லை எழுதியிருக்கிறார் என்று பாருங்கள்: யூஸா (வெறும் குடி), அப்யூஸா (கெடுதலான குடி), டிபென்டென்ஸா? ஒரே சார்ட்டில் இரண்டு சொல் இருந்தால் கனமானதை எடுக்க வேண்டும். அப்யூஸும் டிபென்டென்ஸும் இருந்தால் டிபென்டென்ஸ் மட்டும். வித்ட்ராயலோடு சேரும்போது டிபென்டென்ஸ் எஃப்10.23, அப்யூஸ் எஃப்10.13, வெறும் யூஸ் எஃப்10.93.

படி 2. கடைசி இலக்கம். இங்கே அவசரப்படாதீர்கள். பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்தப் படியில்தான்.

கடைசியாகக் குடித்த நேரத்தை முதலில் தேடுங்கள். ஹெச்.பி.ஐ.யில் (இப்போதைய நோயின் வரலாறு எழுதும் பகுதி) இருக்கும். கை நடுக்கம் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். வலிப்பு பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள். டெலிரியம் அதற்குப் பின்னால், இரண்டு மூன்று நாள் கழித்து வரும். இந்தக் கணக்கை வைத்து கோடு போடக் கூடாது. ஆனால் சார்ட்டில் எதைத் தேட வேண்டும் என்று தெரியும். ஆள் குழம்பி, இடம் காலம் தெரியாமல் இருக்கிறார், டாக்டரும் டெலிரியம் அல்லது டி.டி. என்று எழுதியிருக்கிறார் என்றால் 231. சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், ஆனால் தெளிவாக இருக்கிறார், டாக்டர் அதை வித்ட்ராயலோடு சேர்த்து எழுதியிருக்கிறார் என்றால் 232. நர்ஸ் நோட்டில் மட்டும் "கன்ஃப்யூஸ்டு" என்று இருந்தால்? போடாதீர்கள். டாக்டருக்கு க்யூரி, அதாவது விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு, அனுப்புங்கள். "இது டெலிரியம்தானே டாக்டர்?" என்று பதிலைக் கையில் கொடுத்துக் கேட்காமல், சார்ட்டில் உள்ளதை எடுத்துக்காட்டி நோயறிதலைத் தெளிவாக்கச் சொல்லிக் கேளுங்கள். வித்ட்ராயலின் கடுமையை அளக்கும் சீவா ஸ்கோர் 25 என்று இருந்தாலும் அது ஸ்கோர்தான், டயக்னோசிஸ் ஆகாது.

வலிப்பு மட்டும் வந்து டெலிரியமும் புலன் மயக்கமும் இல்லையென்றால் 230-ஆ 239-ஆ? ஃபிட்ஸ் வந்தவரை சிக்கல் இல்லாதவர் என்று எழுத எனக்கு மனசு வராது. எங்கள் கிளையண்ட் கையேடும் 239 என்றே சொல்கிறது. உங்கள் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3. வலிப்புக்குத் தனி கோடு. எங்கள் பிராஜெக்ட்டில் ஆர்56.9 (விவரம் சொல்லாத வலிப்பு), இரண்டாவதாக. இங்கே இன்னொரு குழி இருக்கிறது. ஜி40.5-ஐத் திறந்தால் மதுவால் வரும் வலிப்பு என்று அங்கேயும் எழுதியிருக்கும். அது எபிலெப்சி (காக்காய் வலிப்பு நோய்) குடும்பம். டாக்டர் எபிலெப்சி என்ற பேச்சே எடுக்காதபோது அந்த முத்திரையை நாம் குத்துவது சரியில்லை என்பது என் கட்சி. எது எப்படியோ, ஆர்56-க்குக் கீழே எக்ஸ்க்ளூட்ஸ்1-ல் (இதோடு சேர்த்துப் போடக் கூடாதவை என்ற குறிப்பு) ஜி40 நிற்கிறது. ஒரே வலிப்புக்கு இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது.

படி 4. ரத்தத்தில் ஆல்கஹால் அளவு இருந்தால் ஒய்90. 100 மில்லிக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஒய்90.0, 240-ம் அதற்கு மேலும் ஒய்90.8. அளவை நர்ஸ் எழுதியிருந்தாலும் எடுக்கலாம். நோயை டாக்டர்தான் எழுதியிருக்க வேண்டும்.

ஒரு மாதிரி சார்ட்: 45 வயது ஆண், ஆல்கஹால் டிபென்டென்ஸ், கடைசியாகக் குடித்து 30 மணி நேரம், வீட்டில் ஒரு முறை ஃபிட்ஸ், கை நடுக்கம், பேச்சு தெளிவு. டாக்டர் எழுதியது வித்ட்ராயல் சீஷர். எஃப்10.239, ஆர்56.9. அவருக்கே மூன்றாம் நாள் டி.டி. என்று டாக்டர் எழுதினால் 239 போய் 231 வரும், ஆர்56.9 அப்படியே இருக்கும்.

கருவி என்று கேட்டால், என் ஓட்டு புத்தகத்துக்குத்தான். என்கோடரில் (கோடு தேடித் தரும் மென்பொருள்) தட்டினால் கோடு வரும், பக்கத்து வரி கண்ணில் படாது. எக்ஸ்க்ளூட்ஸ் குறிப்பெல்லாம் பக்கத்து வரியில்தானே இருக்கிறது. காசு இல்லையென்றால் அமெரிக்க சி.டி.சி. தளத்தில் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது.

பின்சேர்க்கை 1: "எஃப்10.139 என் பி.டி.எஃப்.பில் இல்லையே அண்ணே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். பழைய பி.டி.எஃப். தம்பி. அப்யூஸோடு வித்ட்ராயல் 2020 அக்டோபர் 1-ல்தான் வந்தது. ஒவ்வொரு அக்டோபரிலும் புதுப்பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 2: ஏற்கெனவே எபிலெப்சி உள்ளவர், மாத்திரையும் விட்டு, குடியும் விட்டு வந்தால் என்ன செய்வது என்று ஒரு அக்கா கேட்டார். எதனால் வந்தது என்று டாக்டர் எழுதவில்லை என்றால் க்யூரிதான், வேறு வழி இல்லை.

பின்சேர்க்கை 3: ஐ.சி.டி.-11 வந்தால் குழப்பம் தீருமா என்று கேட்கிறீர்கள். அதில் வலிப்புக்குத் தனி இடம் உண்டு, 6சி40.42. ஆனால் 6சி40.41 புலன் மயக்கம். பழைய எஃப்10.41 டெலிரியமும் வலிப்பும் சேர்ந்தது. மானிட்டர் ஓரத்து மஞ்சள் சீட்டில் அதையும் எழுதி ஒட்டிவிட்டேன்.