அமெரிக்காவில் மானியத்துடன் மருத்துவக் காப்பீடு: முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு (2026)

வேலை போன கையோடு கம்பெனி இன்சூரன்ஸும் போய்விட்டது. அல்லது சொந்தமாகக் கன்சல்டிங் தொடங்கியிருக்கிறீர்கள். அல்லது அப்பா, அம்மாவுக்குக் கிரீன் கார்டு கிடைத்து ஊரிலிருந்து வந்து சேர்ந்துவிட்டார்கள். அமெரிக்காவில் நம்மவர்கள் மார்க்கெட்பிளேஸ் என்ற அரசு காப்பீட்டுச் சந்தைப் பக்கம் எட்டிப் பார்ப்பது பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒன்று நடக்கும்போதுதான்.

2010-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது இந்த ஏற்பாடு. 2014 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பாலிசியை விற்பது தனியார் கம்பெனிகள்தான். அரசு கடை விரித்துக் கொடுத்து, உங்கள் வருமானத்தைப் பொறுத்து பிரீமியத்தில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பைபாஸ் என்று எது இருந்தாலும் யாரையும் தட்டிக்கழிக்க முடியாது, அதற்காகக் கூடுதலாகக் கேட்கவும் முடியாது. வயது, ஊர், புகையிலைப் பழக்கம், இவற்றை வைத்துத்தான் விலை மாறும்.

இணையதளத்தைத் திறந்ததும் எல்லோரும் நேராகப் பிளான் பட்டியலுக்குப் போவார்கள். அது கடைசி வேலை. முதலில் வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு என்ற இரண்டு எண்களும் சரியாக வேண்டும். மானியம் முழுக்க அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. கீழே உள்ள விதிகளும் தொகைகளும் 2026-ஆம் ஆண்டுக்கானவை.

படி 1: சரியான தளத்துக்குப் போங்கள்

டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களுக்கு ஹெல்த்கேர்.கவ். கலிபோர்னியாவுக்கு கவர்டு கலிபோர்னியா, நியூ ஜெர்சிக்கு கெட் கவர்டு என்ஜே, பென்சில்வேனியாவுக்கு பென்னி என்று சில மாநிலங்களுக்குத் தனித் தளங்கள் உண்டு. எந்த மாநிலமானாலும் ஹெல்த்கேர்.கவ் தளத்தில் தொடங்கினால் அதுவே உரிய இடத்துக்கு அனுப்பிவிடும்.

கூகுளில் தேடினால் மேலே வருவது பெரும்பாலும் விளம்பரம். அதில் போன் நம்பரைக் கொடுத்துவிட்டால் அப்புறம் போன் ஓயாது. அந்த வழியில் வரும் மலிவான பிளான்களில் பல, ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் பணம் தராத குறுகிய காலப் பாலிசிகள். அவற்றுக்கு மானியமும் கிடையாது.

படி 2: தகுதி உண்டா?

அமெரிக்காவில் சட்டப்படி குடியிருக்க வேண்டும். குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள் மட்டுமல்ல, எச்-1பி வேலை விசாவிலும் அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவிலும் இருப்பவர்களும் 2026-ல் மானியம் பெறலாம். 2025 ஜூலையில் வந்த சட்டம் இதை மாற்றிவிட்டது. 2027 ஜனவரி முதல் எச்-1பி போன்ற தற்காலிக விசாக்காரர்களுக்கு மானியம் இல்லை. கிரீன் கார்டு உள்ளவர்களுக்குத் தொடரும். ஆறு மாதம் பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டுப் போக விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்கு இது பொருந்தாது. அவர்கள் இங்கே குடியிருப்பவர்கள் அல்ல. அவர்களுக்குத் தனியாக விசிட்டர் இன்சூரன்ஸ் வாங்க வேண்டியதுதான்.

அடுத்தது, அலுவலக இன்சூரன்ஸ். உங்கள் ஒருவருக்கான பிரீமியத்தில் நீங்கள் கட்டும் பங்கு குடும்ப வருமானத்தில் 9.96 சதவீதத்தைத் தாண்டாமல், பிளானும் ஓரளவு உருப்படியானதாக இருந்தால், உங்களுக்கு மானியம் கிடையாது. மனைவி, குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு. அவர்களையும் சேர்த்தால் ஆகும் பிரீமியம் 9.96 சதவீதத்தைத் தாண்டினால், அவர்கள் மட்டும் மார்க்கெட்பிளேஸில் மானியத்துடன் வாங்கலாம். இந்தச் சலுகை 2023-ல்தான் வந்தது. அதற்கு முன்பு கேட்டுவிட்டு "முடியாது" என்ற பதிலோடு திரும்பியவர்கள் மறுபடி பார்ப்பது நல்லது.

கணவன் மனைவி இருவரும் வருமான வரியைச் சேர்ந்துதான் தாக்கல் செய்ய வேண்டும். குடும்ப வன்முறை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, தனித்தனியாகத் தாக்கல் செய்தால் மானியம் இல்லை.

படி 3: வீட்டில் எத்தனை பேர்?

ஒரே கூரையின் கீழ் யார் இருக்கிறார்கள் என்பது இங்கே கணக்கில்லை. உங்கள் வரிப் படிவத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே கணக்கு. நீங்கள், மனைவி, சார்ந்திருப்போராகக் காட்டும் பிள்ளைகள், பெற்றோர், அவ்வளவுதான்.

கிரீன் கார்டில் வந்த பெற்றோர் விஷயத்தில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வயது 65 தாண்டியிருந்தாலும் முதியவர்களுக்கான அரசு காப்பீடான மெடிகேர் உடனே கிடைக்காது. இங்கே வேலை பார்த்திராதவர்கள் ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகுதான் அதைப் பணம் கொடுத்து வாங்க முடியும். குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு காப்பீடான மெடிகெய்டுக்கும் பெரும்பாலான மாநிலங்களில் ஐந்து ஆண்டு காத்திருப்பு. இடைப்பட்ட காலத்துக்கு மார்க்கெட்பிளேஸ்தான் கதி.

அவர்கள் தனியாக வரி தாக்கல் செய்து, சொந்த வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால், 2025 வரை மானியம் கிடைத்தது. 2026 முதல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். ஆனால் உங்கள் வரிப் படிவத்தில் சார்ந்திருப்போராகக் காட்டினால், உங்கள் குடும்ப வருமானத்தை வைத்துத்தான் மானியம் கணக்கிடப்படும். அவர்கள் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரின் சொந்த வருமானமும் ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும் (2025-ல் இது 5,200 டாலர்). அப்பாவுக்கு ஊரில் நல்ல பென்ஷன் வந்தால் இங்கேயே தடுக்கும். உங்கள் அலுவலகப் பிளானில் பெற்றோரைச் சேர்க்க இடமில்லை என்றால், உங்களுக்கு அலுவலக இன்சூரன்ஸ் இருப்பது அவர்கள் மானியத்துக்குக் குறுக்கே நிற்காது.

படி 4: வருமானம் எவ்வளவு?

போன ஆண்டு வருமானம் இல்லை, இன்சூரன்ஸ் எடுக்கும் ஆண்டில் வரப்போகும் வருமானம். ஜனவரியிலேயே டிசம்பர் வரை ஊகித்துச் சொல்ல வேண்டும்.

வரிப் படிவத்தில் வரும் திருத்திய மொத்த வருமானத்தோடு, வரி இல்லாத சமூகப் பாதுகாப்புத் தொகை, வரி விலக்குள்ள வட்டி, விலக்குப் பெற்ற வெளிநாட்டு வருமானம் ஆகியவற்றைச் சேர்த்தால் வருவதே அந்த எண். நம்மவர்கள் விட்டுவிடுவது ஊர்க் கணக்கை. என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) வைப்புத்தொகை வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, ஆனால் அமெரிக்காவில் உண்டு. மதுரையில் வாடகைக்கு விட்ட வீடு, விற்ற மனையின் லாபம், எல்லாமே இந்த வருமானத்தில் சேரும். வழக்கமான 401(கே) (அலுவலக ஓய்வுக்காலச் சேமிப்பு), எச்எஸ்ஏ (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) ஆகியவற்றில் போடும் பணம் இந்த எண்ணைக் குறைக்கும். வரி கட்டிய பணத்தைப் போடும் ராத் வகைகள் குறைக்காது.

படி 5: மானியக் கணக்கு

2026-க்கு 2025-ஆம் ஆண்டின் கூட்டாட்சி வறுமைக்கோட்டைப் பயன்படுத்துகிறார்கள். ஒருவருக்கு 15,650 டாலர், நால்வர் குடும்பத்துக்கு 32,150 டாலர். கூடும் ஒவ்வொரு தலைக்கும் 5,500. (அலாஸ்கா, ஹவாய்க்கு வேறு.) உங்கள் வருமானம் இதில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 100-லிருந்து 400 சதவீதம் வரை மானியம் உண்டு. மெடிகெய்டை விரிவுபடுத்திய மாநிலங்களில் 138 சதவீதம் வரை மெடிகெய்டுக்கே அனுப்பிவிடுவார்கள். டெக்சாஸ், புளோரிடா, ஜார்ஜியா போன்ற சில மாநிலங்கள் விரிவுபடுத்தவில்லை. அங்கே 100 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்களில் பலருக்கு இதுவும் இல்லை, அதுவும் இல்லை.

பிரீமியத்துக்காக நீங்கள் கட்ட வேண்டிய பங்கு வருமானத்தில் 2.1 சதவீதத்தில் தொடங்கி 9.96 சதவீதம் வரை ஏறும். பிளான்களுக்கு பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று உலோகப் பெயர்கள் உண்டு (விவரம் படி 6-ல்). உங்கள் ஊரில் கிடைக்கும் சில்வர் பிளான்களில் இரண்டாவது மலிவானது எதுவோ, அதன் விலையிலிருந்து உங்கள் பங்கைக் கழித்தால் வருவதே மானியம்.

தனி ஆள், ஆண்டு வருமானம் 40,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வறுமைக்கோட்டில் சுமார் 256 சதவீதம். அவர் பங்கு ஏறக்குறைய 8.6 சதவீதம், அதாவது மாதம் 287 டாலர். அந்த சில்வர் பிளான் மாதம் 550 என்றால் மானியம் 263. இந்த 263-ஐ எந்த உலோகப் பிளானுக்கும் எடுத்துப் போகலாம். 400 டாலர் பிரான்ஸ் எடுத்தால் கையிலிருந்து 137 போதும்.

இப்போது இன்னொரு கணக்கு. அறுபது வயதுத் தம்பதி, இருவர் மட்டும். 400 சதவீதம் என்பது 84,600 டாலர். வருமானம் 84,000 என்றால் அவர்கள் பங்கு மாதம் சுமார் 697. இருவருக்கும் சேர்த்து சில்வர் பிளான் மாதம் 2,000 என்றால் மானியம் 1,303, ஆண்டுக்கு 15,600-க்கு மேல். டிசம்பரில் ஏதோ பங்கை விற்று 1,000 டாலர் கூடுதலாக வந்து 85,000 ஆனால்? மானியம் பூஜ்யம். மாதாமாதம் முன்கூட்டி வாங்கிய மானியம் முழுவதையும் வரி தாக்கலின்போது திருப்பிக் கட்ட வேண்டும். 2021-லிருந்து 2025 வரை இந்தப் பள்ளம் இல்லை, அதற்கான சட்டம் 2025 டிசம்பர் 31-ஓடு காலாவதியாகிவிட்டது. போதாக்குறைக்கு, 400 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தரும்போது முன்பு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வரியாண்டு முதல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் நவம்பரில் ஒருமுறை உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். கொஞ்சம் தாண்டிவிட்டால் ஒரு வழி இருக்கிறது. தகுதி இருந்தால், வழக்கமான ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்பு) அல்லது எச்எஸ்ஏ கணக்கில் அடுத்த ஏப்ரல் 15-க்குள் போடும் பணத்தை முந்தைய ஆண்டுக்கே கணக்கு வைத்து வருமானத்தைக் குறைக்கலாம்.

படி 6: பிளானைத் தேர்ந்தெடுங்கள்

சராசரியாகச் செலவில் பிளான் ஏற்கும் பங்கு பிரான்ஸில் 60 சதவீதம், சில்வரில் 70, கோல்டில் 80, பிளாட்டினத்தில் 90. வருமானம் 250 சதவீதத்துக்குள் இருந்தால் சில்வருக்கு மட்டும் இரண்டாவது ஒரு சலுகை உண்டு. டிடக்டிபிளும் (பிளான் பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்டும் தொகை) கோ-பேயும் (ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போது கட்டுவது) குறைகின்றன. 150 சதவீதத்துக்குள் அந்தச் சில்வர் 94 சதவீதப் பிளானாகவும், 200-க்குள் 87 ஆகவும் மாறிவிடும். கோல்டைவிட உயர்ந்தது, விலை சில்வர் விலை. 200-க்குக் கீழே இருப்பவர்கள் பிரீமியம் பூஜ்யம் என்று பிரான்ஸ் எடுப்பது என் கணக்கில் வீண். 250-க்கு மேல் போனால் சில்வருக்குத் தனிச் சிறப்பு இல்லை. சில ஊர்களில் கோல்டே மலிவாகக் கிடைக்கும், பார்த்துவிடுங்கள். ஆரோக்கியமாக இருந்து, எச்எஸ்ஏவில் பணமும் போட முடிந்தால் பிரான்ஸ் சரிதான். 2026 முதல் மார்க்கெட்பிளேஸ் பிரான்ஸ் பிளான்கள் எல்லாவற்றோடும் எச்எஸ்ஏ வைத்துக்கொள்ளலாம்.

டாக்டர் கிளினிக்குக்குப் போன் செய்யும்போது கம்பெனி பெயரைச் சொல்லி "எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்காதீர்கள், "ஆமாம்" என்றுதான் பதில் வரும். ஒரே கம்பெனியின் அலுவலகப் பிளானுக்கும் மார்க்கெட்பிளேஸ் பிளானுக்கும் நெட்வொர்க் (பிளான் ஏற்கும் டாக்டர், மருத்துவமனைப் பட்டியல்) வேறு வேறாக இருக்கும். பிளானின் முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

மாத்திரைப் பட்டியலையும் பிளானோடு ஒப்பிட வேண்டும். அம்மா கொண்டுவந்த அட்டையில் பெரிதாக இருக்கும் பிராண்ட் பெயர் இங்கே தேடினால் வராது. சின்ன எழுத்தில் மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டன் என்று இருக்கும், அதைத் தேடுங்கள். இந்தியாவில் சர்க்கரைக்குச் சாதாரணமாக எழுதித் தரும் வில்டாகிளிப்டின் அமெரிக்காவில் அனுமதி பெறாத மருந்து, எந்தப் பிளானிலும் இருக்காது. இங்குள்ள டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்கும் வரை கையிருப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்குப் பல் வைத்தியம் பொதுவாக இதில் சேராது, தனியாக வாங்க வேண்டும்.

படி 7: விண்ணப்பமும் அதற்குப் பிறகும்

ஹெல்த்கேர்.கவ்வில் 2026-க்கான சேர்க்கை 2025 நவம்பர் 1 முதல் 2026 ஜனவரி 15 வரை. மற்ற நேரத்தில் சேர ஒரு காரணம் வேண்டும்: வேலையோடு இன்சூரன்ஸ் போனது, திருமணம், குழந்தை பிறப்பு, அமெரிக்காவுக்குக் குடிவந்தது. அப்போது 60 நாள் அவகாசம். வேலை போனவர்கள் இதைக் கோப்ராவோடு (பழைய அலுவலக இன்சூரன்ஸைச் சொந்தச் செலவில் தொடரும் வழி) ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கோப்ராவில் முதலாளி கட்டிவந்த பங்கும் உங்கள் தலையில் விழும், அதற்கு மேல் 2 சதவீதக் கட்டணமும் உண்டு. கோப்ராவில் சேர்ந்து, 60 நாளும் கடந்த பிறகு நடுவில் வேண்டாம் என்று விட்டால், அடுத்த நவம்பர் வரை மார்க்கெட்பிளேஸில் இடம் கிடைக்காது.

சோஷியல் செக்யூரிட்டி எண், குடியேற்ற ஆவணம், சம்பளச் சீட்டு, போன ஆண்டு வரிப் படிவம், இவை கையில் இருந்தால் விண்ணப்பம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். திணறினால் நேவிகேட்டர் என்ற உதவியாளர்கள் இலவசமாக உட்கார்ந்து நிரப்பித் தருவார்கள்.

பிளானைத் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடியாது. முதல் மாதப் பிரீமியத்தைக் காப்பீட்டுக் கம்பெனிக்கு நேரடியாகக் கட்டினால்தான் பாலிசி தொடங்கும். கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால் அதிலுள்ள கெடுவுக்குள் ஏற்றிவிடுங்கள். நடுவில் வேலை கிடைத்தாலோ, வருமானம் ஏறினாலோ, ஆள் கூடினாலோ 30 நாளுக்குள் தளத்தில் மாற்றுங்கள். மானியம் அந்த மாதத்திலிருந்தே குறைந்துவிட்டால் ஏப்ரலில் மொத்தமாகக் கட்ட வேண்டியிராது.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், நீங்கள் வாங்கிய மானியத்தைக் காட்டும் 1095-ஏ படிவம் வரும், தளத்தில் உங்கள் கணக்கிலும் இருக்கும். அதை வைத்து, மானியத்தை உண்மையான வருமானத்தோடு சரிபார்க்கும் 8962 படிவம் நிரப்பி வரியோடு சேர்க்க வேண்டும். வழக்கமாக வரி தாக்கல் செய்யும் அளவுக்கு வருமானம் இல்லாதவர்களும் மானியம் வாங்கியிருந்தால் தாக்கல் செய்தே ஆக வேண்டும். 1095-ஏ கைக்கு வரும் முன் அவசரப்பட்டு ரிட்டர்ன் அனுப்பாதீர்கள். 8962 இல்லாமல் போனால் வரித்துறை அதை நிராகரிக்கலாம் அல்லது நிறுத்தி வைத்துக் கடிதம் போடலாம், ரீஃபண்ட் தள்ளிப்போகும்.