பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை மறுபடி விளையாடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' என்ற பழைய கணினி விளையாட்டை இருபது முப்பது வருடம் கழித்து ஆசையோடு திறக்கிறவர்கள் பலர் முதல் அரை மணி நேரத்திலேயே எரிச்சலோடு மூடிவிடுகிறார்கள். "அப்போ எவ்வளவு சுலபமா இருந்துச்சு" என்று வேறு சொல்வார்கள். அப்போதும் அது சுலபமாக இருக்கவில்லை. கோலாலம்பூரில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணினி டியூஷனுக்குப் போன நம்மில் பலர் மூன்றாவது லெவலைத் தாண்டியதே கிடையாது. செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒரே கீபோர்டைச் சுற்றி நாலைந்து பேர் நின்றுகொண்டு "குதிடா, குதிடா" என்று கத்தியதுதான் மனதில் தங்கியிருக்கிறது. அந்த உற்சாகத்தை விளையாட்டின் சுலபம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறோம்.

ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் உருவாக்கிய விளையாட்டு இது. 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. அடுத்த வருடம், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் கணினிக்கு வந்தது. டியூஷன் கணினிகளில் நாம் பார்த்தது அந்த டாஸ் வடிவம்தான். மொத்தம் 12 லெவல். அறுபது நிமிடத்துக்குள் இளவரசியை மீட்டாக வேண்டும். செத்தால் அந்த லெவலை முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஆனால் கடிகாரம் மட்டும் நிற்காது. இந்தக் கெடுவைப் பார்த்ததுமே எல்லோரும் ஓட ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால், மற்ற தவறுகள் முக்கால்வாசி இந்த ஓட்டத்திலிருந்துதான் பிறக்கின்றன. ஓடி மிச்சம் பிடிப்பது சில வினாடிகள். ஓடிப் போய்ச் செத்தால் போவது நிமிடக் கணக்கில்.

இளவரசன் ஓடுவதைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மெக்னர் தன் தம்பி ஓடுவதையும் குதிப்பதையும் வீடியோ எடுத்து, அதைப் படம் படமாக வரைந்து எடுத்த அசைவுகள் அவை. வினாடிக்கு ஏறத்தாழ 12 படம்தான். அதனால் ஒவ்வொரு அசைவுக்கும் நிஜ உடம்பின் கனம் இருக்கிறது. ஓட ஆரம்பிக்கச் சில படம், நிற்கச் சில படம், திரும்பச் சில படம். ஆரம்பித்த அசைவை முடிக்காமல் அடுத்ததற்குப் போக மாட்டான். இன்றைய விளையாட்டுகளில் பட்டனை அழுத்திய கணமே ஆள் திரும்பிவிடுகிறான். நம் விரலும் அதற்குப் பழகிவிட்டது.

என் அக்கா மகனுக்குப் பதினான்கு வயது. கைபேசி கேம்களில் என்னைவிடப் பல மடங்கு கெட்டிக்காரன். முதல் லெவலில் வலது அம்புக்குறியை அழுத்திக்கொண்டே ஓடினான். பள்ளத்தைப் பார்த்ததும் விரலை எடுத்தான். இளவரசன் ஈரத் தரையில் ஓடி வந்தவன் மாதிரி சறுக்கிக்கொண்டே போய் உள்ளே விழுந்தான்.

"மாமா, நான் பட்டனை விட்டுட்டேனே! இவன் ஏன் நிக்க மாட்டேங்கிறான்?"

"பள்ளத்தைப் பார்த்துட்டு விட்டா லேட்டுடா. ரெண்டு எட்டு முன்னாடியே விடணும். தெரியாத இடத்துல ஓடவே ஓடாத, ஷிப்டைப் பிடிச்சுக்கிட்டு நட."

இந்த ஷிப்ட் நடையைத்தான் பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஷிப்டை அழுத்தியபடி அம்புக்குறியைத் தட்டினால் இளவரசன் ஒரு அடி மட்டும் எடுத்து வைப்பான். விளிம்பு வந்ததும் காலை நீட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொள்வான். தரையிலிருந்து கிளம்பும் முட்களின் நடுவிலும் இப்படி நடந்தே போகலாம், ஒன்றும் ஆகாது. ஓடினாலோ மேலே போய்க் குதித்தாலோ உயிர் போய்விடும். வாய் மாதிரி மூடித் திறக்கும் கத்திக்கு முன்னாலும் இதே வழிதான். அடிமேல் அடி வைத்துக் கத்தியை ஒட்டிப் போய் நின்று, அது மூடித் திறக்கும் தாளத்தை இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டுத் தாண்டுங்கள். அப்புறம் இன்னொன்று: புது அறைக்குள் வந்ததும் நின்ற இடத்திலேயே ஒரு தடவை மேலே குதியுங்கள். அந்த வரிசையில் தளர்ந்த கல் இருந்தால் கடகடவென்று ஆடிக் காட்டிக் கொடுத்துவிடும். இதற்கு ஒரு வினாடி போதும்.

விழுவதற்கும் கணக்கு உண்டு. ஒரு தட்டு உயரம் விழுந்தால் ஒன்றும் ஆகாது. இரண்டு தட்டு என்றால் திரையின் கீழே தெரியும் உயிர்க் கணக்கில் ஒன்று குறையும். மூன்று தட்டு என்றால் அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே தைரியமாகக் குதிக்கலாம், எங்கே விளிம்பில் தொங்கி இறங்க வேண்டும் என்று பார்த்ததுமே புரியும்.

ஷிப்டைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் ஷிப்டை ஐந்து தடவை தொடர்ந்து தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். இந்த விளையாட்டில் வாள் வீசுவதும் ஷிப்டால்தான். சண்டை நடுவில் அந்தப் பெட்டி வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விளையாட உட்காருவதற்கு முன்பே செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள்.

எதில் விளையாடுவது என்பதிலும் அவசரம் வேண்டாம். சிலர் வீட்டு ஸ்டோர் ரூமில் கிடக்கும் பழைய டிஸ்கெட்டைத் தேடி எடுத்து, லோ யாட் கணினிக் கடைகளில் டிரைவ் வாங்கி, அப்படியே செருகிவிடுகிறார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் வருடக் கணக்காகக் கிடந்த டிஸ்கெட்டில் பூஞ்சை பிடித்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பூஞ்சையோடு செருகினால் டிஸ்கெட்டும் போகும், டிரைவின் ஹெட்டும் அழுக்காகும். டிஸ்கெட்டை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். விளையாடுவதற்கு, பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. டாஸ் வடிவத்தைப் பிரித்துப் படித்து ஆர்வலர்கள் இன்றைய கணினிக்காக எழுதிய எஸ்டிஎல்பாப் என்ற திறந்த மூல வடிவமும் இருக்கிறது. என் விருப்பம் எஸ்டிஎல்பாப்தான். டிவியில் இணைத்து விளையாடும் சூப்பர் நின்டெண்டோ கருவிக்கு 1992-இல் வந்தது நல்ல விளையாட்டுதான், ஆனால் அதில் 20 லெவல், இரண்டு மணி நேரக் கெடு. டாஸ் நினைவோடு அதைத் திறந்தால் "இது நான் பார்த்ததே இல்லையே" என்று குழம்பிப் போவீர்கள். 2007-இல் வந்த புதுப்பித்த வடிவத்தில் லெவல் அமைப்பு பழையதுதான், ஆனால் முப்பரிமாணத் தோற்றம். கைக்குப் படும் உணர்வு வேறு.

திரையையும் பாருங்கள். டாஸ் படம் 320-க்கு 200 புள்ளிதான், ஆனால் அது அந்தக் காலத்து 4:3 மானிட்டருக்காக வரைந்தது. இன்றைய அகலத் திரையில் இழுத்து நிரப்பினால் இளவரசன் குட்டையாகவும் குண்டாகவும் ஆகிவிடுவான், தாண்டும் தூரத்தைக் கண்ணால் அளப்பதும் கெட்டுப்போகும். டாஸ்பாக்ஸ் அமைப்பில் 'ஆஸ்பெக்ட்' என்ற வரியை 'ட்ரூ' என்று மாற்றினால் போதும். டிவியில் போட்டு விளையாடுவதாக இருந்தால் கேம் மோடைப் போடுங்கள், இல்லையென்றால் விரல் ஒரு நேரத்திலும் படம் ஒரு நேரத்திலும் நடக்கும்.

சரி, வாளுக்கு வருவோம். முதல் லெவலில் கையில் வாள் இருக்காது. வாளை எடுக்காமல் காவலாளியின் முன்னால் போனால் ஒரே வெட்டு. வாள் கிடைத்த பிறகும் ஷிப்டைத் தட்டித் தட்டியே ஜெயித்துவிடலாம் என்று நினைப்பதுதான் அடுத்த தவறு. முதல் இரண்டு ஆட்கள் வேண்டுமானால் அதில் விழுவார்கள். அப்புறம் வருகிறவர்கள் தடுத்துவிட்டுத் திருப்பி வெட்டுவார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். நீங்கள் பாய வேண்டாம், அவன் வீசும்வரை நில்லுங்கள். மேல் அம்புக்குறியால் தடுங்கள், தடுத்த கையோடு ஷிப்ட். இந்தத் தடு-வெட்டு தாளம் கைக்கு வந்துவிட்டால், இத்தனை நாள் பயந்த காவலாளிகளோடு நிதானமாகச் சண்டை போடலாம். மூன்றாவது லெவலின் எலும்புக்கூட்டுக்கு மட்டும் இது பலிக்காது. எத்தனை வெட்டு வெட்டினாலும் அது சாகாது. பிள்ளைகளாக இருந்தபோது பலர் அங்கேயே நின்று மாளாமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் அது ஒரு எட்டு பின்வாங்குவதைப் பாருங்கள். அப்படியே தள்ளிக்கொண்டு போய் விளிம்பிலிருந்து விழ வையுங்கள்.

குப்பிகளில் சிவப்புக் குமிழி வந்தால் மருந்து, நீலம் வந்தால் விஷம். கண்டதையெல்லாம் குடிக்காதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது வேறு: அடுத்த லெவல் தொடங்கும்போது உயிர் தானாகவே முழுதாக நிரம்பிவிடும். வெளிக்கதவு திறந்திருக்கும்போது, குறைந்த ஒரு உயிருக்காக நாலு அறை திரும்பிப் போய் சின்னக் குப்பியைக் குடித்துவிட்டு வருவது வெறும் நேர விரயம். பெரிய குப்பி அப்படியல்ல. அது உயிரின் மொத்த எண்ணிக்கையையே ஒன்று கூட்டும். அதற்காகச் சுற்றிப் போகலாம்.

சேவ் செய்வதில்தான் நிறையப் பேர் தெரியாமலே தோற்றுப்போகிறார்கள். டாஸ் வடிவத்தில் மூன்றாவது லெவலிலிருந்து கண்ட்ரோல்-ஜி அழுத்திச் சேவ் செய்யலாம். அது நீங்கள் நிற்கும் இடத்தைப் பதிவதில்லை. லெவலின் தொடக்கத்தையும் மிச்சமிருக்கும் நேரத்தையும்தான் பதிகிறது. ஐந்து தடவை செத்து, முப்பது நிமிடம் மிச்சம் வைத்து நாலாவது லெவலுக்கு வந்ததும் சந்தோஷத்தில் சேவ் செய்தால் அந்த முப்பது நிமிடம்தான் இனி உங்கள் கதி. மீதி ஒன்பது லெவலை அதற்குள் முடிக்க முடியாமல் கடைசியில் திணறுவீர்கள். ஆகவே முதல் தடவை நேரத்தை மறந்துவிட்டு லெவலைச் சுற்றிப் பாருங்கள். வழி தெரிந்ததும் முன்பு செய்த சேவிலிருந்து (சேவ் இல்லையென்றால் விளையாட்டையே முதலிலிருந்து) மறுபடி ஆரம்பித்து, நல்ல நேரத்தில் முடித்த பிறகு சேவ் செய்யுங்கள். ஷிப்ட்-எல் அழுத்தி முதல் லெவல்களைத் தாண்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பி இறங்க வேண்டாம். தாண்டத்தான் செய்யும், ஆனால் கடிகாரம் பதினைந்து நிமிடத்துக்கு இறங்கிவிடும். பின்னால் வரும் அறைகளைச் சும்மா பார்ப்பதற்கு அது உதவும், முடிப்பதற்கு உதவாது. எஸ்டிஎல்பாப்பில் எஃப்6 அழுத்தினால் நின்ற இடத்திலேயே சேவ் ஆகும். கஷ்டமான ஒரு தாவலைப் பழகுவதற்கு அதைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு அறையிலும் அதை அழுத்திக்கொண்டிருந்தால் விளையாட்டின் பயமே போய்விடும், அந்தப் பயம் இல்லாவிட்டால் இதில் ருசி ஏது?

சுற்றிப் பார்க்கும்போது தாளில் வரைந்துகொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட கணக்குப் புத்தகம் இதற்கு அருமையாகப் பொருந்தும். ஒவ்வொரு திரையும் குறுக்கே பத்துக் கட்டம், உயரத்தில் மூன்று வரிசை. எந்தக் கல்லை மிதித்தால் எந்தக் கதவு திறக்கிறது, எது மூடுகிறது என்று குறித்து வைத்தால் அடுத்த நாள் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் விட்ட இடத்திலிருந்து யோசிக்கலாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, தூக்கக் கண்ணோடு ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்று உட்காராதீர்கள். தாவலில் விரல் அரை நொடி பிந்தும், அது போதும் செத்துப்போக.

கடைசியாக, யூடியூபில் வழி பார்ப்பது. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். நாலு நாளாக ஒரே கதவின் முன்னால் நிற்கிறீர்கள் என்றால் பாருங்கள், அந்தக் கதவுக்கு மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். ஆனால் நிழல் மனிதன் வரும் இடங்களைத் தயவுசெய்து பார்க்காதீர்கள். நாலாவது லெவலில் ஒரு கண்ணாடி வழியை மறிக்கும். அங்கிருந்து உங்கள் நிழல் தனி ஆளாக வெளியே வந்துவிடும். ஆப்பிள் கணினியில் இன்னொரு பாத்திரத்துக்கு நினைவகம் போதாததால், இளவரசனின் அதே படங்களை வைத்தே மெக்னர் உருவாக்கியவன் அவன். ஐந்தாவது லெவலில் நீங்கள் குறிவைத்த பெரிய குப்பியை அவன் குடித்துவிடுவான். ஆறாவது லெவலில் கதவை மூடி உங்களைக் கீழே விழ வைப்பான். இத்தனைக்குப் பிறகு 12-ஆவது லெவலில் வாளோடு எதிரே வந்து நிற்பான். நீங்கள் அவனை வெட்டினால் உங்கள் உயிர் குறையும். என்ன செய்ய வேண்டும் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அங்கே போய்ச் சேரும்போது கடிகாரத்தில் கொஞ்சம் நேரம் மிச்சம் வைத்திருங்கள். அவனைத் தாண்டினால் அடுத்து, இளவரசியை அடைத்து வைத்திருக்கும் மந்திரி ஜஃபார் நிற்கிறான், அவனை வெல்ல உங்களுக்குத் தடுத்து வெட்டும் நிதானம் வேண்டும்.