அடுக்களையில் கருப்பு டாடோ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், கே.டி.சி. நகர் பக்கம் எழும்பும் புது வீடுகளில் அடுக்களை டாடோவுக்கு, அதாவது மேடைக்கு மேலே சுவரில் ஒட்டும் கல் அல்லது டைல்ஸுக்கு, கருப்பு கேட்பவர்கள் இப்போது நிறையப் பேர். கேட்பதில் தப்பே இல்லை. பித்தளைப் பாத்திரமும் தேக்குப் பலகையும் காருக்குறிச்சி மண்சட்டியும் கருப்புச் சுவரின் முன்னால் எடுப்பாக நிற்கும். ஆனால் புதிதாக இன்டீரியர் வேலைக்கு வருகிற பையன்கள், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். மட்டம் பார்த்து ஒட்டுவது, ஓரம் உடையாமல் வெட்டுவது எல்லாம் எந்த மேஸ்திரியும் சொல்லிக்கொடுப்பார். அவர் சொல்லாமல் விடுவதை மட்டும் எழுதுகிறேன்.

தண்ணீரைப் பார்க்காமல் கல்லைத் தேர்ந்தெடுப்பது

பணத்தைத் தின்கிற தவறு இதுதான். இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் கல் வாங்குவதற்கு முந்தின நாள் கொஞ்சம் மெனக்கெட்டால் தவிர்த்துவிடலாம்.

ஷோரூமில் பளபளக்கும் கருப்புக் கல்மேல் தண்ணீர் தெறிப்பதில்லை. வீட்டில் தெறிக்கும். நம் பக்கத்து போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கரைந்திருக்கின்றன. சொட்டு காயும்போது தண்ணீர் ஆவியாகிவிடும், சுண்ணாம்பு கல்லிலேயே தங்கிவிடும். வெள்ளை டைல்ஸில் அது கண்ணில் படாது. கருப்பில் ஒவ்வொரு சொட்டும் ஒரு வட்டமாகத் தெரியும்: நடுவில் மங்கலாக, விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டது மாதிரி. அதைத் துடைக்காமல் விட்டால் மறுநாள் அதன்மேலேயே அடுத்த சொட்டு விழும். பாத்திரம் கழுவும் சோப்பும் சேர்ந்துகொண்டால் சிங்க்குக்குப் பின்னால் முழுக்கச் சாம்பல் படலம்தான்.

திசையன்விளைப் பக்கம் ஒரு வீடு. ஒப்பந்தம் எடுத்தவர் சிங்க்குக்குப் பின்னாலும் அடுப்புக்குப் பின்னாலும் பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட்டை ஒரே ஓட்டமாக ஒட்டியிருந்தார். பால் காய்ச்சிய அன்று பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டியிருக்கிறார்கள். தண்ணீர் முழுக்க போர். பொங்கலுக்கு முன்பே கல் வெளுத்துவிட்டது. "தொடச்சாலும் தொடச்சாலும் திரும்ப வெள்ளையா வருது அண்ணாச்சி" என்று அந்த வீட்டு அக்கா போனில் என்னிடம் சொன்னார். அதற்குள் யாரோ ஆசிட் ஊற்றித் தேய்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் தேய்த்திருக்கிறார்.

நான் போய்ப் பார்த்தபோது வெள்ளைக் கறை ஓரளவு போயிருந்தது. கூடவே கல் இணைப்புகளில் இருந்த சிமெண்டும் அரித்துப் போயிருந்தது. ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும் என்றால் சிமெண்டையும் கரைக்கத்தானே செய்யும்? குழாயின் குரோம் பூச்சு கறுத்திருந்தது, எவர்சில்வர் சிங்க்கில் பொட்டுப் பொட்டாகத் துரு. இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கி, சிங்க் பக்கத்துக் கல் சுவரைவிட்டுப் பிரிந்து, தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்டது. அந்தச் சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே பைப் லைன், பக்கத்தில் ஸ்விட்ச் போர்டு, கீழே மேடை என்று கைவைத்த இடமெல்லாம் செலவு. அந்த அக்கா ஆசையாகக் கேட்டது ஒரு கருப்புச் சுவர். வேலை எடுத்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: சிங்க் குழாயில் என்ன தண்ணீர் வருகிறது?

இந்தக் கேள்வியையும் சரியாகக் கேட்க வேண்டும். டவுனில் கேட்டால் "எங்களுக்கு ஆத்துத் தண்ணிதான்" என்பார்கள். தாமிரபரணித் தண்ணீர் வருவது உண்மைதான், ஆனால் பல வீடுகளில் அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். மாடித் தொட்டியில் ஏறுவது போர் தண்ணீர், அல்லது இரண்டும் கலந்தது. சிங்க் குழாய்க்குத் தொட்டியிலிருந்துதான் லைன் வரும். எனவே ஆளைக் கேட்காதீர்கள், குழாயைத் திறந்து பாருங்கள்.

கடையில் அதே கல்லில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். சிங்க் குழாய்த் தண்ணீரைக் கையால் அதன்மேல் தெளித்து, துடைக்காமல் வெயிலில் காயவிடுங்கள். காய்ந்ததும் மறுபடி தெளியுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். வட்டம் போகவில்லை என்றால் சிங்க்குக்குப் பின்னால் அந்தக் கல் வேண்டாம்.

தண்ணீரைச் சோதித்த லேப் ரிப்போர்ட் கையில் இருந்தால் மொத்தக் கடினத்தன்மையை, அதாவது கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. அது குடிப்பதற்கான கணக்கு. 400 இருக்கிற தண்ணீரைக் குடிக்கலாம், ஆனால் கருப்புக் கல்லில் அது தடம் போடாமல் இருக்காது.

தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைத்தால் தீர்ந்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு குறையாது. தடம் விழும், ஆனால் கல்லில் இறுகிப் பிடிக்காது. ஈரத்துணியிலேயே போய்விடும்.

போர் தண்ணீர் வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான்: கருப்பு அடுப்புக்குப் பின்னால் மட்டும் இருக்கட்டும். சிங்க் பக்கம் சாம்பலும் வெள்ளையும் கலந்த புள்ளி டைல்ஸ் போடுங்கள். குழாய் முனையில் ஏரேட்டர் என்கிற சல்லடை மூடியை மாட்டினால் தெறிப்பு குறையும். ஏற்கெனவே கறை பிடித்திருந்தால், டைல்ஸில் மட்டும், தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துக் கொஞ்ச நேரம் ஒட்டிவைத்துத் துடையுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஆசிட் பாட்டிலை அடுக்களைக்குள்ளேயே விடாதீர்கள்.

கடப்பாவை கிரானைட் என்று நினைப்பது

இரண்டும் கருப்பு, கடப்பா விலை குறைவு. ஆனால் கடப்பா சுண்ணாம்புக் கல். புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, மோர், மேலே சொன்ன வினிகர், எது பட்டாலும் பாலிஷ் செத்து வெளிறிய திட்டு விழும். அதை எந்தத் துணியாலும் துடைத்து எடுக்க முடியாது, மறுபாலிஷ்தான் போட வேண்டும். புளிக்குழம்பும் சொதிக்கு எலுமிச்சையும் இல்லாத திருநெல்வேலி வீடு ஏது? அலமாரித் தட்டுக்குக் கடப்பா அருமையான கல். சுவருக்கும் மேடைக்கும் வேண்டாம்.

இணைப்புக்கு வெள்ளை சிமெண்ட்

மஞ்சள் பொடிக்கு முன்னால் நிற்காது. எபாக்ஸி என்கிற பிசின் கலவையைப் போடுங்கள்.

"மேட் வாங்கினால் துடைக்க வேண்டாம்"

பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் தண்ணீர்த் தடம் குறைவாகத் தெரியும், எண்ணெய் அதிகமாகத் தெரியும். தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய்ப் புகை சொரசொரப்பில் போய் உட்கார்ந்துகொண்டால் சாதாரணத் துணிக்கு வராது. தீபாவளிக்கு முறுக்கு சுட்ட மறுநாள் பாருங்கள், அடுப்புக்கு நேர்மேலே மட்டும் சுவர் மினுமினுக்கும். பளபளக்கும் பாலிஷுக்கும் மேட்டுக்கும் நடுவில் சாட்டின் என்று ஒரு ஃபினிஷ் இருக்கிறது. என் கை எப்போதும் அதற்குத்தான் போகும்.

வரிவரியாகப் புடைத்த கல் பட்டைகளை ஒட்டுவதும் இந்தக் கணக்கில் சேரும். ஆனி, ஆடிக் காற்றில் ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் ஒவ்வொரு புடைப்பிலும் படியும். அதன்மேல் எண்ணெய் சேர்ந்தால் பிரஷ் போட்டுத்தான் சுரண்ட வேண்டும்.

கண்ணாடியை முதலில் வாங்கி, ஓட்டையைப் பிறகு யோசிப்பது

பின்பக்கம் கருப்பு பெயின்ட் அடித்த கண்ணாடி இணைப்பே இல்லாமல் ஒரே பரப்பாக வரும், அழகுதான். அடுப்புக்குப் பின்னால் என்றால் அது சூடேற்றி உறுதியாக்கிய டஃபன்ட் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடி ஒரு பக்கம் சூடேறினால் விரிசல் விடும். டஃபன்ட் செய்த பிறகு வெட்டவோ துளை போடவோ முடியாது, முயன்றால் மொத்தமும் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். மிக்ஸி பாயின்ட், கிரைண்டர் பாயின்ட், ஃபில்டர் பைப் எல்லாவற்றின் இடமும் முடிவான பிறகே அளவு எடுங்கள். அதுவும் மேடைக் கல் போட்ட பிறகு. வரைபடத்து அளவும் கட்டின சுவரும் ஒத்துப்போய் நான் பார்த்தது அபூர்வம்.

அடுப்புக்குப் பின்னால் கருப்பு ஸ்டிக்கர்

ஒட்டாதீர்கள். சூட்டில் சுருளும்.

ஒரே ஒரு டியூப்லைட்

கருப்பு வெளிச்சத்தை விழுங்கும். சமைப்பவர் முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் அவர் நிழலே சட்டியில் விழும், குழம்பு கொதிக்கிற நிறம்கூடத் தெரியாது. மேல் கப்போர்டுக்கு அடியில் எல்.இ.டி. பட்டை வையுங்கள், பால் நிற மூடி போட்டது. மூடி இல்லாவிட்டால் பளபளக்கும் கருப்பில் ஒவ்வொரு எல்.இ.டி. புள்ளியும் பிரதிபலித்துக் கண்ணைக் குத்தும்.

வெள்ளை ஸ்விட்ச் போர்டு

சுவருக்கு அவ்வளவு யோசித்துவிட்டு, கடைசியில் எலக்ட்ரீசியன் கையில் இருப்பதை மாட்டிவிட்டுப் போகிறார். கருப்பு அல்லது சாம்பல் நிற பிளேட் எல்லாக் கடையிலும் கிடைக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். ஒயரிங் தொடங்கும் அன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.